நீதி போடாத புத்தகம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் நலத்தை நீ எதையும் மறைக்காமல் எழுதினால் எனக்குப் போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் தங்கைக்கு வாசிக்கும் பழக்கம் வரட்டும் என்று நீ அனுப்பிய புத்தகப் பெட்டி வந்தது. வழவழப்பான தாள், உள்ளே ஒரு புலி பல் விளக்குகிறது, ஒரு முயல் உண்டியலில் காசு போடுகிறது, ஒரு யானை பெரியவர்களுக்கு வழிவிடுகிறது. அந்தக் காட்டில் ஒரு மிருகமாவது சும்மா இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஒவ்வொரு கதையின் கடைசியிலும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் நீதி. அட்டையில் வயது எட்டு முதல் பத்து என்று வேறு, செருப்புக்கு அளவு போடுவது மாதிரி. ஒரே வாரத்தில் வாண்டு அத்தனையும் முடித்துவிட்டாள் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எந்தக் கதையைக் கேட்டாலும் நீதியை மளமளவென்று ஒப்பித்தாள். எனக்குத்தான் சந்தேகப் புத்தி ஆயிற்றே, புலி ஏன் பல் விளக்கப் போனது என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும்மா படிப்பா? கடைசிக் கட்டத்தைத்தானே எல்லாரும் கேக்குறீங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. புத்தகம் என்பது அறிவுரை கேட்க இன்னொரு இடம் என்று இந்த வயதில் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள், எனக்கு அந்தப் பயம்தான்.

நூலகத்துக்குக் கூட்டிப்போய் நீயே எடு என்று விட்டேன். நூலகர் அம்மாள் பின்னாலேயே வந்து "அது வேணாம் பாப்பா, அதுல கத்துக்க ஒண்ணுமே இல்ல" என்றார். உடனே அதையே எடுத்துக்கொண்டாள். ஒரு ஆடு கண்டக்டரின் டிக்கெட் கட்டைத் தின்றுவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பஸ்ஸில் போகிறது, அவ்வளவுதான் கதை. வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பியவள் "அம்மா, இதுல நீதியை யாரோ கிழிச்சுட்டாங்க" என்றாள். யாரும் கிழிக்கவில்லை என்றேன். அப்படியானால் நீதி என்ன என்றாள். தெரியாது என்றேன். "இவ்வளவு படிச்சிருக்கே, இதுகூடத் தெரியாதா?" என்று சலித்துக்கொண்டு, நடுவில் எங்காவது ஒளிந்திருக்கும் என்று முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை, அறைக்குள்ளிருந்து சிரிப்புதான் வந்தது. இப்போது நீதியைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆடு எந்த நிறுத்தத்தில் இறங்கியது என்று என்னைத் துளைத்தெடுக்கிறாள்.

அடுத்த பெட்டிக்குச் சொல்லியிருந்தால் நிறுத்திவிடு. நீ அங்கே நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்களோடு பழகி நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த ஆட்டைப் பற்றி உன்னிடமும் கேட்பாள், அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கு நினைப்பு. டிக்கெட் இல்லாமல் போவது தப்பு என்று பெரிய மனுஷனாட்டம் ஆரம்பித்துவிடாதே. எங்கே இறங்கியிருக்கும் என்று அவளையே கேள், கேட்க ஆளில்லாமல் மூன்று இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா