தீவில் ஓர் இடம்

ஜூன் 12, 2025, வியாழன்

இன்று பார்கவிக்கு ஆண் குழந்தை. கோயம்புத்தூர்க்காரி, முதல் பிரசவம். காலையிலிருந்து நான்தான் பக்கத்தில். மதியத்துக்குப் பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியது. மணியை அழுத்தினேன். டொக்டர் வந்து பார்த்தார், உடனே ஒப்பரேஷன் என்றார்.

பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் வேலை அப்படித்தான். எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை என் கை. ஒழுங்கு தவறினால் நான் சுவரோரம்.

"அக்கா, நீங்க விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று பார்கவி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். போகவில்லை. ஒப்பரேஷன் அறையிலும் அவள் தலைமாட்டில் நின்றேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல. அவள் வயிற்றை மறைத்த திரைக்கு மேலால் எட்டி, டொக்டரின் கைகளை.

குழந்தை வீரிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தோம். பிறகு உடுப்பு மாற்றும் அறையில் நான் ஏன் அழுதேன்? பொறாமையா? இல்லை. பதினைந்து வயதிலிருந்து கூடவே வருகிற ஒன்று. அதற்கு ஏக்கம் என்பதை விட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது.

கரீபியன் தீவொன்றில் மருத்துவக் கல்லூரி. இரண்டு வருடம் தீவில், இரண்டு வருடம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில். ஜனவரியில் தொடக்கம். ஒக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே, சிட்னியில், மருத்துவத்துக்கு இரண்டாவது முறையும் இடமில்லை என்று சொன்ன அந்தக் கிழமை, யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தது.

படகில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிக விசாவோடு இங்கே மருத்துவம் படிக்க எனக்கு வழி இருக்கவில்லை. நேர்சிங்குக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். நிரந்தர விசா வந்த பிறகு இரண்டு தரம் முயன்றேன். கடைசித் தரம் நேர்முகம் வரை போனேன்.

மின்னஞ்சலை வாசித்து, மூடி, திரும்பத் திறந்து வாசித்தேன். என் பெயர்தான் போட்டிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். முதியோர் இல்லத்து வேலைக்குப் போடும் சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கை இருக்கு அது?"

"அமெரிக்காவுக்குக் கீழை. கடலுக்குள்ளை."

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பதினொரு வருஷமா எப்ப திருப்பி அனுப்புவாங்களோ எண்டு பயந்து பயந்து இருந்தனாங்கள். இருக்கலாம் எண்டு சொல்லி ரெண்டு வருஷம் ஆகேல்லை. இப்ப நீயா எழும்பிப் போறன் எண்டு நிக்கிறாய்."

"படிக்கத்தானே அம்மா."

"நான் படிக்க வேண்டாம் எண்டு சொன்னனானோ?"

சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா கதைக்கிறார் இல்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

வினுஷாவோடு கதைத்தேன். முன்பு எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவள். கரீபியனில் படித்து, இப்போது அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்தில் டொக்டர்.

படிப்பு எப்படி என்று கேட்டேன். "கஷ்டம். என்ரை வகுப்பிலை கனபேர் இடையிலை விட்டிட்டுப் போட்டினம். நீ விடமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனா திரும்பி வரலாம் எண்டு நினைச்சுக்கொண்டு வராதை, கமலி. நானும் சிட்னி ஆஸ்பத்திரியளுக்கு எழுதி எழுதிப் பார்த்தனான். இங்கைதான் வேலை கிடைச்சுது."

"வருத்தப்படுறியோ?"

"நேற்று ஒரு பொம்பிளையைக் காப்பாத்தினனான். சாகவேண்டிய ஆள். பிறகு காருக்குள்ளை இருந்து அம்மாவுக்கு போன் எடுத்தன். அங்கை அவ நித்திரை."

அவ்வளவுதான் சொன்னாள். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ஜூலை 19, சனி

ஆக, கேள்வி அந்தக் கல்லூரியைப் பற்றியது இல்லை. டொக்டராக வரலாம், ஆனால் இங்கே இல்லை — இதற்கு நான் சம்மதமா என்பதுதான் கேள்வி.

மத்தியானம் எங்கள் பென்டில் ஹில் தமிழ்க் கடைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனேன். ஜூலைக் குளிருக்குள் ரோல்ஸ் வாங்க வரிசை. முன்னால் நின்ற அன்ரி, "அம்மா சுகமோ?" என்று கேட்டார். தினமும் யாராவது கேட்கிற கேள்வி. போகவே இல்லை, அதற்குள் இந்த ஊரை நினைத்து ஏங்கத் தொடங்கிவிட்டேன்.

வேலைக்குப் போனால் மற்ற ஏக்கம். இரண்டும் எனக்குள் முறை மாற்றி முறை மாற்றி வேலை செய்கின்றன.

ஒகஸ்ட் 4, திங்கள்

குடியுரிமை விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நாள். அம்மா சேலைகளைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீலமோ, மாம்பழக் கலரோ?"

நாங்கள் திரும்பவும் கதைக்கிறோம். மாம்பழக் கலர்.

செப்டெம்பர் 17, புதன்

அம்மா உறுதிமொழியை ஒரு சொல் பிழைக்காமல் சொன்னார். சமைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருக்கிறார். நான்தான் இடையில் தடுமாறினேன். மேயர் கைகொடுத்தார். ஆளுக்கொரு சின்னச் செடி தந்தார்கள்.

ரயிலில் அம்மா செடியை மடியில் வைத்திருந்தார்.

"இனி எங்களை ஒருத்தரும் போ எண்டு சொல்லேலாது, என்ன?"

"ஏலாது அம்மா."

பிளாக்டவுன் வரும்வரை அழுதார். நாங்கள் இறங்கவேண்டிய பென்டில் ஹில்லைத் தாண்டிவிட்டோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

பாஸ்போர்ட் வந்தது. இருபத்தேழு வயதில் முதல்முறையாக. தாள்களைப் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் வெறுமை. இது தங்குவதற்காக வாங்கியதா, போவதற்காக வாங்கியதா?

ஒக்டோபர் 18, சனி

நான் போகவில்லை. முடிவு. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். கல்லூரிக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. திங்கள் எழுதுவேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

எழுதவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

காலையில் அம்மா தேத்தண்ணியோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தார். இப்படி இருந்தால் ஏதோ பெரிய கதை.

"நேற்று நீ மீனாம்பாள் அன்ரியின்ரை மகளுக்குப் பிள்ளை பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டு இருந்தாய். டொக்டர் இப்படிச் செய்தவர், அப்படிச் செய்தவர் எண்டு. கையாலை காட்டிக்காட்டிச் சொன்னனீ. உன்ரை கையைப் பார்த்தனீயோ?"

நான் கைகளை மடியில் கோர்த்து வைத்தேன்.

"நீ இங்கை இருந்தாய் எண்டால், ஒவ்வொரு நாளும் என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு போகாமல் இருப்பாய். எனக்கு அது வேண்டாம்."

"நீங்கள் தனியா என்ன செய்வியள்?"

"வேலைக்குப் போவன். கோயிலுக்குப் போவன். அழுவன். அது என்ரை பாடு." பிறகு மெல்லச் சொன்னார்: "ஒருத்தரும் போ எண்டு சொல்லேலாது எண்டு அண்டைக்கு ரயிலிலை கதைச்சனாங்கள். நான் சொல்லுறன். போ."

நான் திரும்பி வர ஏலாமல் போகலாம் என்று சொன்னேன். வினுஷா சொன்னதெல்லாம் சொன்னேன். முதல் தரமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"விளங்குது" என்றார். "தேத்தண்ணி ஆறுது. குடி."

ஒக்டோபர் 27, திங்கள்

ஓம் என்று எழுதி அனுப்பினேன்.

ஜனவரி 3, 2026, சனி

விமான நிலையத்தில் அம்மா அழவில்லை. "போட்டு வாறன்" என்றேன். "ஓம், போட்டு வா" என்றார். வழக்கமாகக் கடைக்குப் போகும்போது சொல்லுகிற மாதிரியே.

மார்ச் 15, ஞாயிறு

உடற்கூற்றியல் பாஸ். உயிரிரசாயனம் பெயில், திரும்ப எழுத வேண்டும். இரண்டையும் அம்மாவுக்குச் சொன்னேன். இங்கே ஞாயிறு பின்னேரம், அங்கே திங்கள் காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பெயிலானதை விட்டுவிட்டுப் பாஸானதைப் பற்றியே கேட்டார். உடலை வெட்டும்போது பயமா என்றார். இல்லை என்றேன். கை நடுங்கவில்லை. உண்மை.

வெள்ளிக்கிழமை, ஆய்வுகூடத்துக்கு வெளியே, என் ஆய்வு மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் எந்த ஊர் என்று கேட்டாள். சிட்னியில் யாராவது அப்படிக் கேட்டால் எப்போதும் ஒரு கணம் நிற்பேன். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று யோசிப்பேன்.

"சிட்னி" என்றேன். யோசிக்கவே இல்லை.

"எப்பிடி இருக்கும்?"

பூங்காவில் சனிக்கிழமை கிரிக்கெட் விளையாடுகிற தாத்தாக்களைச் சொன்னேன். நவம்பரில் ஊதாப் பூக்கள் விழுந்து நடைபாதையே தெரியாமல் போவதைச் சொன்னேன். வெயில் ஏறினால் வீட்டுத் தகரக் கூரை சடசடக்கும் சத்தம், காலையில் கத்துகிற வெள்ளைக் கிளிகள்... வகுப்புக்கு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்னும் சொல்ல இருந்தது.