பலவேசம் ஐயாவின் கால்விரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி குறைந்ததா? இறைவன் அருளால் சென்னையில் நான் நலம்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் வெம்பக்கோட்டைக்காரர் பலவேசம் ஐயா இருக்கிறார். பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கியதால் நடப்பதையே நிறுத்திவிட்டார். வெட்டாவிட்டால் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் எச்சரித்தும், காலைத் தொட வந்தவர்களை எல்லாம் திட்டி விரட்டினார்.

நேற்று கெஞ்சிக் கூத்தாடி அவர் கால்களை வெந்நீரில் ஊறவைத்தேன். பாதத்தைத் தொட்டதும் ஓர் உதை! என் உதடு லேசாக வீங்கி, இன்று வடிந்துவிட்டது. கவலைப்படாதீர்கள்.

“ஏலே சாபிர், அடிபட்டுருச்சாலே? எனக்கு உள்ளங்கால் ரொம்பக் கூசும்லே!”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, ஐயா?”

“இந்த வயசுல இதை எப்படிலே வெளிய சொல்ல?”

அறையே சிரித்தது. பாதத்தை இறுக்கிப் பிடித்தால் கூசாது என்பதால், அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகத்தை எடுத்துவிட்டேன். இன்று காலை என் தோளைப் பிடித்தபடி சாப்பாட்டு அறைவரை நடந்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாத்தூர் காரச்சேவு அனுப்புங்கள். தங்கை ஷாஹிதாவைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்; கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம். போனில் பேசினால், வைத்ததும் என் அறை ரொம்ப அமைதியாகிவிடுகிறது.

வாசலில் ஐயா கூப்பிடுகிறார்: “ஏலே, தோட்டத்துக்குப் போவோம், வாலே!”

ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
சாபிர்