இரண்டு பிள்ளையார் டிஸ்கெத்துகள்

நேற்று என் மகள் ஒரு யூ.எஸ்.பி.யைக் கணினியில் செருகினாள். திரையில் "பெயரில்லாதது" என்று பிரெஞ்சில் வந்தது. பெயர் வைக்கவில்லையா என்று கேட்டேன். இதற்கெல்லாம் எதற்குப் பெயர் என்று அதே பிரெஞ்சில் கேட்டுவிட்டு எழுந்து போனாள். எனக்குச் சுருக்கென்றது. நீ இருந்திருந்தால் அவளை உட்காரவைத்து ஒரு பிரசங்கமே வைத்திருப்பாய். உன்னைப் பாரிசுக்கு வெளியே செவ்ரானில் அடக்கம் செய்து ஒரு மாரி கழிந்துவிட்டது. இன்னும் எதைக் கண்டாலும் உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசி. பாரிசில் நம் சனம் கூடும் லா சப்பலில், எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிறவரின் வீடியோக் கடை, அதன் பின்னறை. நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். இருவரும் உணவகங்களில் கோப்பை கழுவிய கையோடு அங்கே போய்விடுவோம். கலியாணப் படங்களின்மேல் எழுத்துப் போட அண்ணை ஒரு கணினி வாங்கியிருந்தார். அதற்குத் தமிழ் தெரியாது. ஆகவே நீ நிரல் எழுதினாய், நான் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்தேன். அ முதல் ன வரை எல்லாம் ஒரே டிஸ்கெத்தில், அந்தக் காலத்து ஃபிளாப்பியில், இருந்தன. வேறு பிரதி கிடையாது.

உன் நிரலுக்கு டிஸ்கெத்தின் பெயர் போதும். பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆள் உள்ளே இல்லையென்றால், இன்னாரைப் போடு என்று திரையில் கேட்டுவிட்டு நிற்கும். அதில் உனக்கு அப்படி ஒரு பெருமை.

"பேர் தெரிஞ்சால் காணுமடா. எங்கடை சனம் மாதத்துக்கொரு வீடு மாறுது, விலாசத்தை வைச்சு ஆரைப் பிடிக்கிறது?" என்பாய்.

பிள்ளையாரைக் கும்பிடாமல் அண்ணை கடைக்கதவையும் திறக்கமாட்டார். எழுத்து டிஸ்கெத்துக்கும் அவரே பிள்ளையார் என்று பெயர் வைத்தார். "அந்தோனியாருக்கு ஒண்டும் இல்லையோ அண்ணை?" என்று நீ சீண்டுவாய்.

பிறகு உன் தங்கையின் கலியாணம் வந்தது. அம்மா மன்னாரில். சண்டை நேரம், அவரால் வரமுடியவில்லை. படம் தொடங்கும்போது முதலில் அம்மாவின் பெயர், அன்னம்மா என்று தமிழில் வரவேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். படத்துக்கு எழுத்துப் போடும் நாளன்று இரவே, பியர்ஃபித் புறநகரிலிருந்து ஒருவர் கொழும்புக்குப் பறக்க இருந்தார். வீடியோக் கசெற்றை வாங்கிக்கொண்டு போகப் பின்னேரம் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவரை விட்டால் ஊருக்குப் போகிறவர் யாருமில்லை.

புதுப் படத்துக்குப் புது டிஸ்கெத். அதற்கும் அண்ணை காலையிலேயே கணினியில் ஒரு பெயர் பதிந்து வைத்திருந்தார். முதலில் அதைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் நிரல் வேலையைத் தொடங்கும். அண்ணை கைகழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தங்கச்சியின்ரை நல்ல காரியம். நானே துடக்கி வைக்கிறன்."

டிஸ்கெத்தின் பெயரைத் தானே தட்டி, பொத்தானையும் அழுத்தினார். புது டிஸ்கெத் அவருடைய மற்றக் கையில் இருந்தது. அதைப் போடு என்று நிரல் கேட்கும் என்று காத்திருந்தோம். கேட்கவில்லை. கணினியின் சின்ன விளக்கு எரிந்தது, உள்ளே கரகரவென்று சத்தம்.

"அண்ணை, அதுக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?"

"வேறென்ன, பிள்ளையார்தான்."

உள்ளே ஏற்கெனவே ஒரு பிள்ளையார் இருந்தார். நிரல் நம் எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. நீ கையை நீட்டினாய். "இழுக்காதை, எல்லாம் போகும்!" என்று கத்தினேன். நீ இழுத்தே விட்டாய். திரை சிவந்தது: பிள்ளையாரை உடனே போடு. வேறு எந்த விசையும் வேலை செய்யவில்லை. நீ அண்ணையின் கையிலிருந்ததைப் பறித்து உள்ளே தள்ளினாய். விளக்கு மறுபடி எரிந்தது. அது பெயரைப் பார்த்தது, பேசாமல் அந்த வெற்று டிஸ்கெத்தைத் துடைக்கத் தொடங்கியது. அண்ணை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீ சிரிக்கவில்லை.

எழுத்து டிஸ்கெத்தைப் போட்டுப் பார்த்தோம். முன்பகுதி போய்விட்டது, அதில் இருந்தது அ. அன்னம்மாவை அ இல்லாமல் எப்படி எழுதுவது? அதற்குள் பியர்ஃபித்காரரும் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"தம்பியவை, எனக்குப் பிளேன் நிக்காது. தாறதெண்டால் தாங்கோ."

அவசரத்தில் எனக்கு ஒரு புள்ளியும் சரியாக விழவில்லை. நீ என்னைத் தள்ளிவிட்டு நீயே உட்கார்ந்து வரைந்தாய். காலைக் கீழே இழுத்துவிட்ட கோணல் அ. எனக்கு எரிச்சலாக இருந்தது. திருத்த நேரமில்லை. கசெற் சூடாறுமுன் அவருடைய பைக்குள் போனது.

மாதங்கள் கழித்து அவர் திரும்பிவந்து கடையில் வைத்துச் சொன்னார். ஊரில் மின்சாரம் இல்லாததால் அம்மாவின் பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் போட்டுப் படம் காட்டினார்களாம். கலியாணத்தில் கமெரா பிடித்தவன் நீ. படத்தில் ஒரு இடத்திலும் உன் முகம் இல்லை. அது நமக்குத் தோன்றவே இல்லை, பார். அம்மா முடியும்வரை பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னாராம்.

"படம் முழுக்கத் தேடினனான், பெடியனைக் காணேல்லை. உந்த அ அவன்ரை கை. சிலேட்டிலயும் இப்பிடித்தான் காலை இழுப்பான்" என்றாராம்.

நீ எழுந்து தெருவுக்குப் போய்விட்டாய். நான் பின்னால் வரவில்லை. அம்மாவை உனக்குப் பிறகு பார்க்கவே கிடைக்கவில்லை. அந்த அ-வைத் திருத்துவோமா என்று நானும் கேட்கவில்லை. கடை மூடும்வரை லா சப்பல் கலியாணப் படங்களெல்லாம் 'அன்புடன்' என்று அந்த அ-வோடுதான் தொடங்கின. எல்லாப் படத்திலும் கமெரா உன் கையில்தான் இருந்தது. என் கலியாணக் கசெற் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன்னைப் பார்க்கவேண்டும் போலிருந்தால் அதைப் போட்டு, முதல் எழுத்து வந்ததும் நிறுத்திவிடுவேன்.