ஆயில் துடைத்த தோல் துண்டு

ஆபா, கூடப் பிறக்காத என் அக்கா,

பத்து நாளைக்கு முன் மெக்கானிக் குமார் கை துடைக்க ஒரு துணி கேட்டார். உங்கள் காரின் டிரைவர் சீட்டுக்கு அடியில் துழாவினேன். உங்கள் தோல் துண்டு வந்தது. நம் ஷூ கம்பெனியில் லைனிங் தோல் வெட்டியதில் மிஞ்சியது, உள்ளங்கை அகலம்தான். திங்கட்கிழமை தவறாமல் பானெட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவி, நீங்கள் இதில்தான் துடைப்பீர்கள். "துணின்னா நூல் வுடும், தோல் வுடாது" என்பீர்கள். முகர்ந்து பார்த்தேன். பழைய ஆயிலும் பதனிட்ட தோலும் கலந்த அந்த வாசனை அப்படியே இருந்தது. குமாரிடம் அதைக் கொடுக்க மனசு வரவில்லை. என் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டேன்.

மெக்கானிக்கிடம் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்கள் வண்டியின் எஞ்சினைக் கெடுத்துவிட்டேன்.

நீங்கள் இறந்துபோன நாற்பதாம் நாள் உங்கள் மகன் ரஃபீக் சென்னையிலிருந்து வந்து சாவியை என் கையில் வைத்தான். "அம்மி உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றான். பெற்ற பிள்ளை, ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து குடியாத்தத்துக்கும் ஆம்பூர் கம்பெனிக்கும் நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் மல்லிகா. நீங்கள் தோல் கட்டிங்கில் இருந்தபோது மேனேஜரிடம் சண்டை போட்டுச் சாம்பிள் ரூமுக்கு அழைத்து வந்தீர்களே, அதே மல்லிகாதான். கம்பெனி பஸ் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறது, சாம்பிள் ரூம் வேலை அதற்கப்புறமும் இழுக்கிறது. இந்த வண்டி நின்றுபோனால் அவள் பழையபடி தையல் லைனில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஓட்டினேனே தவிர, ஏழு மாதம் பானெட்டைத் திறக்கவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். அது உங்கள் வேலை. திறந்தால், அங்கே நீங்கள் நிற்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துகொண்டே வாரத்தைத் தள்ளினேன். மல்லிகாதான் முதலில், "அக்கா, பின்னாடி நீலமா பொகை வருது" என்றாள். பனி என்றேன். சித்திரை மாதத்தில் என்ன பனி? எனக்கே தெரியும். மாதனூர் தாண்டி ஒரு நாள் உள்ளே கடகடவென்று சத்தம் வந்து வண்டி நின்ற பிறகுதான் குமாரைக் கூப்பிட்டேன்.

குமார் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு இரண்டு வழி சொன்னார். உள்ளே லைனர் என்கிற இரும்புக் குழாயை அடித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, இதே எஞ்சினைச் செய்யலாம். இல்லையென்றால், பின்பக்கம் நசுங்கிய இதே மாடல் வண்டி ஒன்று பேப்பரோடு இருக்கிறது, அதன் எஞ்சினை எடுத்து இதில் உட்கார வைக்கலாம்.

யோசிக்கவே இல்லை. இதையே செய்யுங்கள் என்றேன்.

பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி திருட்டுத்தனம். ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் அதில் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டும், அதற்கு முன் வண்டியை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு ரஃபீக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் என்று கேட்பான். உங்க அம்மி பதினோரு வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டியதை நான் ஏழே மாதத்தில் தீர்த்துவிட்டேன் என்று அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? பழைய எஞ்சினையே செய்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

குமார் ஒரு பிஸ்டனை எடுத்து நீட்டினார். தலையில் ஒரு எண் குத்தியிருந்தது. இது கடைசி சைஸ் என்றார். ஒவ்வொரு முறை சிலிண்டரைப் போர் போடும்போதும் உள்ளே கொஞ்சம் இரும்பைச் சீவி எடுப்பார்களாம், அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவார்களாம். இதில் சீவ இனி இரும்பு இல்லையாம்; லைனர் அடித்தாலும் ஒட்டுப் போட்ட மாதிரிதான், நாள் தாங்காதாம்.

அப்படியானால் இதை முன்பே ஒருமுறை செய்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நான்தாம்மா செஞ்சேன்" என்றார்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்ட வருடம். நோன்பு மாதம், நீங்கள் தலைவலி என்று பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். டேஷ்போர்டில் ஒரு முள் மேலே ஏறிக்கொண்டே போனது. அது சூட்டைக் காட்டுகிற முள் என்று தெரியாமல், பெட்ரோல் நிறைய இருக்கிறது என்று நான் சந்தோஷமாக ஓட்டினேன். பாலாற்றுப் பாலத்துக்கிட்டே குபுகுபுவென்று ஆவி வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல, தண்ணி ஓஸ்தான் போயிருக்குது. இதுக்குப் போயி பேஜார் ஆவாத" என்றீர்கள். அப்புறம் ஒன்பது நாள் வண்டி இல்லை. கேட்டதற்கு, வாணியம்பாடியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கிறேன் என்றீர்கள்.

நோன்பு மாதத்தில் உங்கள் வீடுகளில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? இத்தனை வருடம் உங்களோடு பழகியும் அதைக்கூட யோசிக்காத மண்டு நான். நம்பி, பொண்ணுக்கு என்ன நகை போட்டார்கள் என்று வேறு கேட்டேன். நீங்களும் கூசாமல் வளையல் கணக்குச் சொன்னீர்கள்!

சூட்டில் பிஸ்டன் உள்ளே பிடித்துப்போய் அன்றைக்கே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டதாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று குமாரிடம் சத்தியம் வாங்கினீர்களாம். என்ன சொல்லி வாங்கினீர்கள் என்பதையும் அவர் சொன்னார்: "அவகிட்ட சொன்னா ஜென்மத்துக்கும் ஸ்டேரிங்க தொடமாட்டா."

நிஜம்தான், தொட்டிருக்க மாட்டேன். அப்புறம் உங்களுக்கு மூச்சு வாங்கிய அந்தக் காலையில் வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் யார் ஓட்டியிருப்பார்கள்? பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, அந்த நிலைமையிலும், "மூணுலயே ஓட்டாத, கியர மாத்து" என்றீர்கள். அழுதுகொண்டே மாற்றினேன். திரும்பி வரும்போது பின் சீட்டு காலியாக இருந்தது.

குமார் பட்டறையில் அந்த பிஸ்டனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டிங் மேசையில் நல்ல நிறத்தில் ஒரு தோல் வரும். எங்களுக்கெல்லாம் ஆசையாக இருக்கும். நீங்கள் கேஜ் வைத்துக் கனத்தை அளந்துவிட்டு, அளவுக்கு மேல் சீவியிருந்தால் ஓரமாகப் போட்டுவிடுவீர்கள். ஒட்டுக் கொடுத்துத் தைக்கலாமே என்று நான் இழுத்தால், "கனம் கம்மி. தையல் நிக்காது. போட்டவன் கால்தான் நோவும்" என்பீர்கள். உங்கள் எஞ்சின் விஷயத்தில் நீங்களே என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது. இந்த எஞ்சினை ஒட்டுப் போட்டு ஓட்டி, அது நடுவழியில் நின்றால், நோவது மல்லிகாவுக்குத்தான். என் வெட்கத்துக்கு அவள் ஏன் அவதிப்பட வேண்டும்?

வேறு எஞ்சினே போடுங்கள் என்று குமாரிடம் சொன்னேன். வெளியே வந்து ரஃபீக்குக்குப் போன் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆயில் பார்க்காதது, புகையைப் பனி என்றது, ஒட்டுப் போட்டு மறைக்கப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

அவன் மெதுவாகச் சிரித்தான் ஆபா.

"அம்மி ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க ஆன்ட்டி. 'செல்விக்கே குடு. ஒரு நாளு எஞ்சின் போச்சின்னு அழுதுக்கினே போன் பண்ணுவா. திட்டாத'ன்னு."

ரோட்டு ஓரத்தில், லாரிகள் போகிற இடத்தில், நின்றுகொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. என்னை இவ்வளவு தெரிந்துவைத்திருந்தீர்களே என்று கோபமும் வந்தது. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது உங்களுக்கு என் கவலையா?

ரஃபீக் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கையெழுத்துப் போட்டான். பழைய எஞ்சினைக் குமார் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். நானே தலையாட்டினேன்.

இன்று திங்கட்கிழமை. காலையில் நானே பானெட்டைத் திறந்தேன். நீங்கள் அங்கே நிற்கவில்லை. ஏழு மாதம் நான் பயந்தது இதற்குத்தான். நிஜமாகவே வலித்தது. வலித்தாலும் ஆயில் குச்சியை உருவி உங்கள் தோல் துண்டில் துடைத்தேன். உங்கள் கறுப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் தேன் நிறத்தில் புதுசாக ஒன்று விழுந்தது. மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் சரியாக இருந்தது.

மல்லிகா பையோடு வந்து நின்றாள். "இன்னாக்கா, அழுவுறியா? வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல, ஏறு" என்றேன்.