பீடிக்கட்டும் தீப்பெட்டியும்

சாரல் விழுந்துவிட்டது என்று வேலாயுதம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். பீடியை விட்டால்தான் திறப்பேன் என்று தம்பி சுடலைமுத்துவை ஜன்னல் இல்லாத உள்ளறையான அரங்குக்குள் வைத்துப் பூட்டியவர் அவர்தான். தம்பி பெண்டாட்டி குருவம்மாள் காலண்டர் தாளைக் கிழித்து, பென்சில் முனை ஒடிகிற கோபத்தில் எழுதினாள்:

"அத்தானுக்கு, நான் டாக்டரைக் கூட்டியாரப் போறேன். சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில இருக்கு. முதல்ல கதவைத் திறங்க, பிறகு சாப்பிடுங்க.

'நான் ஒரே நாள்ல விட்டேன்லா, இவனுக்கு என்ன கேடு?'ன்னு கேட்டீங்க. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. பீடியில உள்ள விஷத்தைச் சில உடம்பு மெதுவாக் கரைக்குமாம், சில உடம்பு சட்டுனு கரைச்சிருமாம். உங்களுக்கு ஒரு பீடி மத்தியானம் வரைக்கும் தாங்கிச்சு. இவுகளுக்கு உலை கொதிக்கதுக்குள்ள இறங்கிருது. அதான் இந்தப் பாடு. இது திமிர் இல்லை, அத்தான்.

விடிஞ்சதுலேருந்து கதவை முட்டுனாக. இப்போ கூப்பிட்டாலும் பதில் இல்லை.

குருவம்மாள்"

மடிக்கப் போனவள், திரும்ப விரித்து அடியில் நெருக்கி எழுதினாள்: "பீடிக்கட்டைப் பிடுங்கினீங்க. தீப்பெட்டி இவுக மடியிலேயே இருக்கு. உள்ளே பருத்தி மூடை வேற கிடக்கு."

அரங்குக் கதவின் அடியிலிருந்து புகை வந்தது. எங்கேயோ ஒரு பீடி கிடைத்துவிட்டது போல என்று அவளுக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது.

அது பீடி வாடை இல்லை. கோணி கருகுகிற வாடை.