டவாலி வீட்டோட இருந்த வருசம்

ஜூன் 5, வியாழன்

சாரல் விழுந்துட்டு. குத்தாலத்துக்குப் போற வேனெல்லாம் நம்ம மேலகரம் வழியா ஆரன் அடிச்சுட்டுப் போவுது. நான் இங்கன மங்களேஸ்வரிக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டு இருக்கேன். எம் பொண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் போயி, நான் சம்பளமில்லா லீவு போட்டு, வருசம் ஓடிட்டு. கோர்ட்டு வாசல்ல நின்னு பேரு கூப்பிடுத டவாலிக்கு இப்ப கூப்பிட ஒரே பேருதான். அதுக்கும் பதில் வராது.

ஜூன் 8, ஞாயிறு

எனக்குப் பதிலா நிக்குத பேச்சிராஜ் வந்தான். "அண்ணாச்சி, சீக்கிரம் வந்துருங்க. நான் கூப்பிட்டா ஆடு கத்துன மாதிரி இருக்காம். வக்கீலுமாரு சிரிக்காவ"ங்கான்.

ஆடுன்னதும் இலத்தூர் கேசு ஞாபகம் வந்துட்டு. ஒரு கெடாவுக்கு அண்ணனும் தம்பியும் வழக்காடுனானுவ. தீர்ப்பு வாரதுக்குள்ள கெடா செத்துப்போச்சு. வாய்தாவுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே பைக்குல வருவானுவ.

என்ன எழுத வந்தேன்? ஆங், லீவு. பதினஞ்சாம் தேதியோட முடியுது. சேரணும், இல்ல நீட்டிக்கணும். பெங்களூர்லருந்து மகன் சுபாஷ், "வேலைய விட்டுருங்கப்பா, அம்மாவ யாரு பாப்பா?"ங்கான். போன்ல சொல்லுதது லேசு.

வீட்டுக்குள்ளயே இருந்து மூச்சு முட்டுது. இத யார்ட்டச் சொல்ல? அவ படுத்துக் கெடக்கா, நான் கோர்ட்டுக்குப் போவணும்னு கெடந்து துடிக்கேன் — நான்லாம் மனுசனா?

ஜூன் 10

மங்காவப் பாத்துக்க அடுத்த தெரு ஆசியாவக் கூட்டியாந்தேன். ஆசியா ஊட்டுனா மங்கா வாயே தொறக்கல. நான் கோர்ட்டுச் சத்தத்துல, "ஏட்டி, தொற வாய!"ன்னுட்டேன். மங்கா கண்ணு கலங்கிட்டு.

ஜூன் 13

நீட்டிக்கத்தான் ஆபீசுக்குப் போனேன். "என்ன வேல்சாமி, சேருதீரா?"ன்னாவ. வாய் "சேருதேன்"னுட்டு. மங்காகிட்டச் சொன்னேன். செவரப் பாத்துத் திரும்பிக்கிட்டா.

ஜூன் 16, திங்கள்

பேரு கூப்பிட்டேன். மனசு பூரா வீட்ல. ஆசியா ஊட்டுனாத் திம்பாளா, பட்டினி கெடப்பாளோ?

ஜூன் 20, வெள்ளி

சாயந்தரம் வரும்போது வாசல் வரைக்கும் சிரிப்புச் சத்தம். எட்டிப் பாத்தா, டிவியப் பாத்துக் கோணவாயோட மங்காதான் சிரிக்கா. நான் உள்ள காலு வச்சதும் நிறுத்திட்டா.

"அக்கா திங்கக்கெழமையே ரெண்டு தட்டு சாப்புட்டாவ அண்ணாச்சி. காலையில நீங்க எப்பக் கெளம்புவீங்கன்னு மணியவே பாத்துக்கிட்டு இருப்பாவ"ன்னா ஆசியா. வெள்ளந்தியாத்தான் சொன்னா.

அவ போனப்பொறவு நான் ஊட்டுனேன். ரெண்டு வாய் வாங்கிட்டுப் போதும்னு தலைய ஆட்டிட்டா.

நாளைக்குச் சனி, மறுநா ஞாயிறு. எனக்குக் கோர்ட்டு கெடையாது, ஆசியாவும் வரமாட்டா. கட்டில்ல கெடந்து மங்கா காலண்டரையே பாத்துக்கிட்டு இருக்கா.