நடு லெவல் என்று சொன்னேன்

இன்று காலை சூரியநெல்லி கடைவீதியில் எஸ்டேட் கிளப் சுவரில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. ‘மனிதரா, கம்ப்யூட்டரா? சதுரங்கக் காட்சிப் போட்டி.’ மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல் அதன் முன்னால் நின்றிருந்தேன். நீ போய் நான்கு வருடமாகிறது.

அதற்கும் பல வருடம் முன்பு, நீ கம்ப்யூட்டரோடு ஆடிய அன்றும் இதே கிளப் ஆண்டு விழாதான். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே மாவட்டச் சதுரங்கப் போட்டியில் இரண்டு முறை ஜெயித்தவள் நீ. அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்குத் திருச்சூர் போக வேண்டியவள். ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் நான்தான் அதோடு ஆட உன்னைக் கூப்பிட்டேன். நீ மறுத்தாய்.

“எதுத்தாப்புல இருக்கவங்க மூஞ்சியப் பாத்துத்தான் பிள்ள நான் ஆடுவேன். தோக்குற பயம் அவங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். அதுக்கு என்ன இருக்கு?”

“பெரிய பெரிய ஆட்டக்காரங்களே அதுகூட ஆடித்தான் பழகுறாங்க. உனக்குப் பயம்னு சொல்லு,” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சம்மதித்தாய்.

உட்காரும் முன் கேட்டாய்: “எந்த லெவல்ல வச்சிருக்க?”

“நடு லெவல்.”

பொய். கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும் என்று கிளப் செயலாளர் சொன்னதால் உச்சத்தில் வைத்திருந்தேன். உலகத்தில் எந்த மனிதராலும் ஜெயிக்க முடியாத உச்சம்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உன் ராணி போனது. நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். “சாம்பியன் இவ்வளவுதானா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ திருச்சூர் போகவில்லை. “நடு லெவலுக்கே தாங்கல. அங்க போயி என்னத்தக் கிழிக்க?” என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். என்னோடு பேசமாட்டாயோ என்று பயந்தேன். அதன்பின் நீ பலகையைத் தொடவே இல்லை.

தேனி ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போடிமெட்டு மலை இறங்கி வந்தேன். நான் வாயைத் திறக்குமுன் நீயே கேட்டாய்.

“அன்னைக்குக் குதிரைய முன்னாடியே எடுத்திருந்தா ஜெயிச்சிருப்பேன்ல பிள்ள?”

இத்தனை வருடமும் அந்த ஆட்டத்தை மனதுக்குள் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

“ஆமா,” என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாய், தப்பு உன்னுடையதுதான் என்பதுபோல. மறுவாரம் போய்விட்டாய்.

வருடா வருடம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொல்கிறேன். அவரும் மன்னிப்பு வழங்குகிறார். அவரிடமா நான் பொய் சொன்னேன்?